மறுநடவு தொடங்கியதிலிருந்து லயத்துப் பக்கம் கறுப்பு நாகம்: என்ன செய்யலாம்?

பெர்ஜுந்தைவாசி கேட்கிறார்:
வணக்கம். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய செம்பனைகளை, அதாவது எண்ணெய்ப்பனைகளை, சாய்த்து மறுநடவு நடக்கிறது. அதிலிருந்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஓடும் சாக்கடையில் கறுப்புப் பாம்பு அடிக்கடி தென்படுகிறது. விரித்த படத்தில் குறி எதுவும் இல்லை, அதனால் நாகம் இல்லை என்கிறார்கள் சிலர். கந்தகமும் உப்பும் தூவினால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். வீட்டில் சின்னப் பிள்ளைகள், பின்கட்டில் கோழிக்கூடு. எதை முதலில் செய்வது?

செம்பனைக்காடு:
அது நாகம்தான் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு நல்லபாம்பின் படத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் குறி, இங்குள்ள நஞ்சு துப்பும் நாகத்தில் வளர்ந்தவற்றுக்குப் பெரும்பாலும் இருக்காது. குறியைத் தேடிக் கிட்டப் போகிறவர்களுக்குத்தான் கண்ணில் நஞ்சு படுகிறது. இரண்டு மீட்டருக்கு அப்பாலும் துப்பும்.

கந்தகம், உப்பு, பூண்டு எதுவும் பாம்பை நிறுத்தாது. அதன் மேலேயே ஊர்ந்து வரும்.

பாம்பு வருவது எலிக்காக. சாய்த்த மரங்களின் தண்டும் மட்டையும் குவிந்து கிடக்கும் இடத்தில் எலி பெருகும். இயந்திரம் அதைக் கிளறும்போது எலி லயத்துக்கு ஓடி வரும், பின்னாலேயே பாம்பும் வரும். அதனால் முதல் வேலை கோழித் தீவனம். மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். சாக்குப்பையை எலி ஒரே இரவில் கடித்துவிடும். மாலையில் தட்டில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். கூட்டுக்குச் சாதாரண கோழிவலை போதாது, அதன் கண்ணில் எலியும் குட்டிப் பாம்பும் நுழையும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடித்து, அடிப்பக்கத்தை ஒரு சாண் ஆழம் மண்ணில் புதையுங்கள்.

அடுத்தது கதவு. நாகக்குட்டி சுண்டுவிரல் மொத்தம்கூட இருக்காது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, தரையை உரசும்படி கதவின் அடியில் அறையுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்கும் அதே கம்பிவலைதான், ஆனால் கழற்றக்கூடிய மாதிரி கட்டுங்கள். நிரந்தரமாகப் பூசிவிட்டால் அக்டோபர், நவம்பர் மழையில் இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே ஏறும். பிறகு யாராவது வலையையே பிய்த்து எறிந்துவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

எலிக்குப் பசை அட்டை வைக்காதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட நாகமும் துப்பும், கடிக்கும்.

இன்னொன்று, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: நாகம்மன் புற்றில் வைக்கும் முட்டையைப் பூசை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். இரவில் அதைத் தின்ன வருவது எலி.

அவசரப்பிரிவுத் தாதி:
கண்ணில் நஞ்சு பட்டால் உடனே குழாய்த் தண்ணீர். இமையை விரலால் பிரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். பிள்ளை கத்தும், திமிறும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிடிக்கத்தான் வேண்டும். கசக்க விடக்கூடாது. பால், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். எரிச்சல் குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள், கருவிழி புண்ணாகியிருந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். இந்த நாகத்தின் கடி சதையை அழுகச் செய்யும்; இறுக்கிக் கட்டினால் நஞ்சு அங்கேயே தேங்கி இன்னும் கெடுக்கும். வீக்கம் ஏறுவதற்கு முன்னால் மோதிரம், வளையல், மெட்டி, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் கட்டி, வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். மருத்துவருக்கு அந்தக் கோடு மிகவும் உதவும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம், தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் போதும்.

பெர்ஜுந்தைவாசி:
நன்றி அண்ணே, நன்றிக்கா. வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டால்? எலி மருந்து வைக்கலாமா?

செம்பனைக்காடு:
நுழைந்துவிட்டால் எல்லாரையும் வெளியேற்றி, அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு 999-க்கு அழையுங்கள். பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிப்பார்கள். கடைசியாக எந்தச் சாமானுக்குக் கீழே போனது என்று சொன்னால் தேடும் நேரம் பாதியாகும்.

எலி மருந்தில் அவசரப்படாதீர்கள். புரோடிஃபாக்கூம் கலந்த மருந்தைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகை ஆந்தையும் செத்துப்போகும். ஒரு ஜோடி கூகை குஞ்சு வளர்க்கும் காலத்தில் பிடிக்கிற எலியை எந்தப் பொறியும் பிடிக்காது. வீட்டுக்குக் கம்பிப் பொறியே போதும்; சுவரோரமாக, கருவாட்டுத் துண்டோடு வையுங்கள்.

லயத்துக்காரர்கள் சேர்ந்து மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: 5 முதல் 10 ஹெக்டருக்கு ஆந்தை கூடு வைக்க ஒரு பெட்டி, லயத்தை ஒட்டி மூடுபயிர் (மண்ணை மூட வளர்க்கும் கொடி) ஏறாமல் வெட்டிவைத்த ஒரு வெற்று நிலப்பட்டை. மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) வாயால் சொன்னால் நிற்காது, எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுங்கள்.