குட்டிகளுக்குப் புரோபயாட்டிக்: தேவையா, தண்டச் செலவா?

பட்டிக்காரன்:
புரோபயாட்டிக், அதாவது நல்லது செய்யும் என்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர், கொடுக்காவிட்டால் குட்டிக்குக் கழிச்சலும் நிற்காது, எடையும் ஏறாது என்று தீவனம் விற்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொல்கிறார்கள். என் பட்டியில் பெரும்பாலான செம்மறிக் குட்டிகள் தாய்மடியில் குடிப்பவை. தாய் சேர்க்காதது, மூன்று போட்டதில் பால் போதாதது என்று சில மட்டும் பாட்டிலில். அடுத்த ஈற்றுக்கு முன்னால் முடிவு செய்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் வாங்கலாம் என்பவர்களும் எதற்கும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள். "நான் கொடுத்தேன், நல்லா இருந்துச்சு" என்பது மட்டும் வேண்டாம். அதைத்தான் விற்பவரும் சொல்கிறார்.

தீவனக்கலவை:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தீவனம் கலந்து விற்பவன்தான். அதற்காக நான் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடாது.

ஆட்டின் நான்கு வயிற்றில், பிறந்த குட்டிக்கு முதல் வயிறு பேருக்குத்தான் இருக்கும். பெரியது நான்காம் வயிறு, வேலை செய்வதும் அதுவே. குட்டி காம்பைச் சப்பும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக் குழாய் போலாகி, பால் நேராக நான்காம் வயிற்றில் இறங்கிவிடும். அந்த நாட்களில் குடலில் எந்தக் கிருமி முந்துகிறதோ அது இடம் பிடிக்கும். கெட்டது முந்தினால் கழிச்சல். லாக்டோபேசில்லஸ் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாவை நாமே முன்கூட்டிக் கொடுத்தால் அது அமிலம் சுரந்து, கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா பெருகுவதை மட்டுப்படுத்தும், இடத்தையும் விட்டுக்கொடுக்காது. குட்டி தீவனம் கடிக்கத் தொடங்கிய பிறகு ஈஸ்ட். அது முதல் வயிற்றுக்குள் வரும் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், ஆக்சிஜன் ஆகாத நார் செரிக்கும் பாக்டீரியா செழிக்கும்.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. அந்த இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டும் அல்லவா?

மந்தைக்காரி:
தம்பி சொன்ன பாடமெல்லாம் சரிதான். ஆனா "முன்கூட்டிக் கொடுக்கணும்"னு சொன்ன அந்த பாக்டீரியாவைத் தாய் ஆடு ஏற்கெனவே குடுத்துடுதே? ஈன்ற உடனே நக்குது, குட்டி மடியைத் தேடி வயித்து மயிரையெல்லாம் சப்புது, தாய் மென்னு போட்ட புல்லை மோந்து கடிக்குது. முதல் வயித்துக்கு வேண்டிய கிருமி அதுலயே வந்துடும். தாய்கிட்ட நல்லாக் குடிக்கிற குட்டிக்கு டப்பா வாங்குறது தண்டம்.

செலவழிக்கிற கவனத்தைச் சீம்பால்ல காட்டுங்க. ஆட்டுக்கு நஞ்சுக்கொடி வழியா எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகாது, எல்லாமே சீம்பால்லதான். குடல் அதை உறிஞ்சுறதும் ஏறக்குறைய ஒரு நாள்தான், அதுலயும் முதல் ஆறு மணி நேரம் முக்கியம். கிலோவுக்கு 50 மில்லி முதல் வேளை, ஒரு நாளைக்குள்ள 200 மில்லி. நாலு கிலோ குட்டின்னா முதல்ல 200 மில்லி, நாள் முழுக்க 800. ஈன்றதும் ரெண்டு காம்பையும் பீச்சிப் பாருங்க, நுனியில மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும். அதை எடுக்காம விட்டா, குட்டி சப்பிக்கிட்டே இருக்கும், வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும், வயிறு மட்டும் ஒட்டியே கிடக்கும். பார்க்கிறவனுக்குக் குடிக்குதுன்னுதான் தோணும். விலாவுக்குக் கீழ கைவிட்டு வயித்தைத் தடவினாத்தான் தெரியும்.

கணக்கன்:
"இடத்தை விட்டுக்கொடுக்காது" என்று தீவனக்கலவை அண்ணன் எழுதியதில் எனக்கு ஒரு சந்தேகம். கொடுப்பதை நிறுத்தினால் சில நாட்களில் சாணத்தில் அந்த பாக்டீரியாவே தேடினாலும் கிடைக்காமல் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. இடம் பிடிப்பதில்லை, வந்து தங்கிவிட்டுப் போகிறது. தினமும் கொடுத்தால்தான் பலன் என்றால் அதை அப்படியே சொல்லி விற்கலாமே.

அடுத்தது, உயிர். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் வகுத்த வரையறையிலேயே இரண்டு நிபந்தனை உண்டு: நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் போய்ச் சேர வேண்டும். குச்சித் தீவனம் அச்சில் வரும்போது 70 முதல் 90 டிகிரி வரை சூடு ஏறும். அதில் லாக்டோபேசில்லஸ் எங்கே பிழைக்கும்? பையில் "புரோபயாட்டிக் சேர்த்தது" என்று அச்சிட்டிருப்பது உண்மைதான், சேர்த்துக் கொன்றதும் உண்மைதான்.

தீவனக்கலவை:
கணக்கன் தம்பி, அதற்குத்தான் பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா இருக்கின்றன. அவை கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்து வடிவில் இருப்பதால் அச்சுச் சூட்டைத் தாங்கும். விவரம் தெரிந்த யாரும் லாக்டோபேசில்லஸைக் குச்சித் தீவனத்தில் போடமாட்டார்கள், பாலிலோ குழம்பாக வாயிலோதான் கொடுப்பார்கள். யாரோ தவறாகச் செய்வதற்காகப் பொருளையே குறை சொல்லாதீர்கள்.

கணக்கன்:
சரி, அப்படியானால் வாங்குபவர் பையைத் திருப்பிப் பார்க்கட்டும். இனப்பெயரோடு நிற்காமல் எந்த வகை என்ற குறியீடு வரை இருக்கிறதா? கிராமுக்கு எத்தனை உயிருள்ள நுண்ணுயிர், அது தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி நாள் வரைக்குமான உத்தரவாதமா? கிராமுக்கு 100 கோடி என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம், இந்தத் துறையில் அது சாதாரண எண். குளோரின் கலந்த தண்ணீரில் கரைத்தாலும், கொதிக்கும் பாலில் போட்டாலும், வெயில் படும் கொட்டகைத் தட்டில் பையைத் திறந்து வைத்தாலும் அந்த எண் சரியும். அவிந்த விதையை விதைத்துவிட்டு மழையைத் திட்டுகிற கதைதான்.

டாக்டரம்மா:
நான் கால்நடை மருத்துவர். இரண்டு பக்கமும் கழிச்சல், கழிச்சல் என்று ஒரே நோய் போலப் பேசுகிறீர்கள். குட்டியின் வயதைக் கேட்காமல் பேசினால் புரோபயாட்டிக் என்ன, எதுவுமே சரியாக வராது.

முதல் நாலைந்து நாளுக்குள் நீராகப் போனால் ஈ.கோலையைச் சந்தேகிப்போம். முதல் வாரக் கடைசியிலிருந்து இரண்டாம் வாரம் வரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி, ரோட்டா வைரஸ். கிரிப்டோ மனிதர்களுக்கும் தொற்றும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வால் அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, குட்டி முக்கி முக்கிப் போட்டு, சில நேரம் இரத்தமும் வந்தால் காக்சிடியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணி. அதற்கு மருந்து வேறு. நன்றாகத் தேறிய கொழுத்த குட்டி திடீரென்று விழுந்து சாவது துள்ளுமாரி, அதற்குத் தடுப்பூசிதான் வழி. சினை ஆட்டுக்கு ஈற்றுக்குச் சில வாரம் முன்னால் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் கிடைக்கும். இந்த வரிசையில் எந்த இடத்திலும் புரோபயாட்டிக் மருந்து ஆகாது.

கழிச்சல் வந்த குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் உப்பிழப்பும்தான். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் நிற்கும், கண் உள்வாங்கியிருக்கும். அந்தக் கட்டத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்காமல், பவுடர் வேலை செய்யட்டும் என்று ஒரு ராத்திரி காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். பவுடர் கெடுதல் செய்வதில்லை, காத்திருப்புதான் கெடுதல். இன்னொன்று: ஆன்டிபயாட்டிக் வாய்வழி கொடுக்கும்போது கூடவே லாக்டோபேசில்லஸையும் கொடுத்தால் மருந்து அதையும் சேர்த்துத்தான் கொல்லும். டப்பாவில் என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற பாக்டீரியா உள்ளது என்றால் அந்த வகை ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கவில்லை என்று சோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். அந்த இனத்தில் அது உண்மையான கவலை.

பட்டிக்காரன்:
நன்றி டாக்டரம்மா. தாயிடம் குடிக்கும் குட்டிகளை ஒதுக்கிவைத்துவிடுவோம். பாட்டில் குட்டிகளுக்கு? போன ஈற்றில் அவைதான் வயிறு உப்பிச் செத்தன. நல்லாக் குடித்து ஒரு மணி நேரத்துக்குள் முரசு மாதிரி ஆகிவிட்டது.

தீவனக்கலவை:
அதைத்தான் சொல்ல வந்தேன்! அது நான்காம் வயிறு உப்பல். இளஞ்சூட்டுப் பாலை ஒரே மூச்சில் நிறையக் குடிக்கும்போது, அங்கே இருக்கும் வாயு உண்டாக்கும் பாக்டீரியாவுக்குப் பெரிய விருந்து, கிளாஸ்ட்ரிடியம் வகைகள், சார்சினா எல்லாம் அதில் சேரும். பால் பவுடர் கரைசலைத் தயிர் வளர்ப்பு விட்டுப் புளிக்கவைத்துக் கொடுத்தால் இந்த உப்பல் குறைகிறது. பல நாட்டுப் பண்ணைகளில் இது பழகிய வழி. புரோபயாட்டிக் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மந்தைக்காரி:
அங்கதான் தம்பி வழுக்குறீங்க. புளிச்ச பால்ல வேலை செய்யுறது பாக்டீரியாவா, புளிப்பா? ஃபார்மிக் அமிலம் விட்டுப் புளிக்க வெச்ச பால்லயும் இதே பலன் கிடைக்குது, அதுல உயிருள்ள பாக்டீரியாவுக்கு வேலையே இல்ல. புளிப்புல வாயுக் கிருமி பெருகாது, அவ்வளவுதான். அதோட புளிச்ச பாலை ஆறவெச்சு வாளியில எந்நேரமும் வெச்சாக் குட்டி அப்பப்பக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கும், வேளைக்கு ஒரு தடவை வயிறு முட்டக் குடிக்கிறதில்ல. உப்பல் குறையுறதுக்கு அதுவே பாதிக் காரணம். பட்டிக்காரன் தம்பி, நீங்க எத்தனை வேளைக்குக் குடுக்கிறீங்க?

பட்டிக்காரன்:
மூன்று வாரத்துக்கு மேல் ஆனவைக்கு இரண்டு வேளைதான் அக்கா. ஆள் பற்றாக்குறை.

டாக்டரம்மா:
உப்பலைப் பொறுத்தவரை மந்தைக்காரி சொன்னதில் நியாயம் அதிகம். முதலில் வேளையைக் கூட்டி அளவைக் குறையுங்கள், புட்டியை ஒவ்வொரு முறையும் காம்போடு கழற்றிக் கழுவுங்கள், பவுடரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். ஆனால் தீவனக்கலவை சொன்னதையும் முழுசாக ஒதுக்கமாட்டேன். பாட்டில் குட்டிக்குத் தாயின் நக்கலும் இல்லை, மடியும் இல்லை. இயற்கையாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காத இந்தக் குட்டிகளிடத்தில்தான் புரோபயாட்டிக்குக்கு ஓரளவு வாய்ப்பு. அலைச்சல், இடமாற்றம், பால் மறக்கடிப்பு மாதிரி நெருக்கடி இருக்கும் இடங்களில் ஆய்வு முடிவுகள் சற்றுச் சாதகமாகவும், நன்றாகப் பராமரிக்கும் பட்டியில் வித்தியாசமே தெரியாமலும் வருவது இதனால்தான்.

பழம்மந்தை:
இவ்வளவு பேசுறீங்க, அசை போடுற கிழட்டு ஆட்டு வாயிலிருந்து கொஞ்சம் அசையை எடுத்துக் குட்டி வாயில போட்டா முடிஞ்சுது. அதைவிடப் பெரிய புரோபயாட்டிக் இருக்கா?

டாக்டரம்மா:
யோசனை தப்பில்லை, ஆனால் இளங்குட்டிக்கு அப்படிச் செய்யாதீர்கள். தருகிற ஆட்டுக்கு ஜோன்ஸ் நோய் என்ற குடல் நோய் வெளியே தெரியாமலே இருக்கலாம், இளங்குட்டிக்குத்தான் அது எளிதில் தொற்றும். முதல் வயிற்றில் இருக்க வேண்டிய புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் எந்த டப்பாவிலும் வராது, வளர்ந்த ஆட்டின் எச்சில் வழியாகத்தான் வரும் என்பது உண்மை. அதற்கு, பால் மறக்கும் வயது நெருங்கும்போது ஆரோக்கியமான, பழக்கமான ஒரு ஆட்டைப் பாட்டில் குட்டிகளோடு விட்டாலே போதும்.

தீவனக்கலவை:
சரி, இளம்பருவம் போகட்டும். பால் மறக்கடிக்கும் நேரத்துக்கு வருவோம். திடீரென்று தானியம் கூடும்போது முதல் வயிற்றில் லாக்டிக் அமிலம் தேங்கிப் புளிப்பு ஏறும். அந்த அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாவை ஈஸ்ட் ஊக்குவிக்கும். இதையுமா மறுப்பீர்கள்?

மந்தைக்காரி:
மறுக்கல. ஆனா தானியத்தை ஏன் திடீர்னு கூட்டணும்? ரெண்டாம் வாரத்துலயே குட்டி மட்டும் நுழையுற அளவுக்குத் தடுப்பு வெச்சு, கைப்பிடி அடர்தீவனம் தினமும் புதுசா வெச்சா அது மோந்து மோந்தே பழகிடும். அந்தத் தீவனம் புளிச்சு வர்ற பியூட்ரிக் அமிலம்தான் முதல் வயித்துச் சுவர்ல விரல் விரலா முளைக்க வைக்குது, கூட நல்ல காய்ஞ்ச புல்லு இருந்தா வயிறு விரியும். வாரக் குட்டிக்கு ஈஸ்ட் கரைச்சுப் பால்ல ஊத்தச் சொல்றாங்களே, நீங்களே சொன்னபடி பால் முதல் வயித்துக்கே போகாதே, அங்க இருக்கிற ஆக்சிஜனை அது எப்படித் தின்னும்?

தீவனக்கலவை:
வாரக் குட்டிக்கு ஈஸ்ட் என்று நான் சொல்லவில்லை அக்கா, அப்படி விற்பவர்களை நானும் ஆதரிக்கவில்லை. தீவனம் கடிக்கும் குட்டிக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் உங்கள் மாதிரி இரண்டாம் வாரத்திலிருந்து பழக்க ஆளும் நேரமும் இருப்பதில்லை, அங்கே ஈஸ்ட் ஒரு காப்பு.

கணக்கன்:
காப்பா என்பதைச் சோதித்துப் பார்க்கலாமே. ஒரே பாலின இரட்டைக் குட்டிகளைப் பிரித்து ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்கு விட்டு, பிறந்த எடையும் பால் மறக்கும் எடையும் குறிக்கலாம். தாயும் பாலும் ஒன்று என்பதால் அந்த வேறுபாடு கழிந்துவிடும். எடை போடுபவருக்கு எது எந்தக் குட்டி என்று தெரியக் கூடாது. எல்லாக் குட்டிக்கும் கொடுத்துவிட்டு "இந்த வருஷம் நல்லாத் தேறிச்சு" என்றால் மழை பெய்து புல் நன்றாக வந்ததையும் டப்பாக் கணக்கில் எழுதியதாகிவிடும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். இரட்டை இரண்டும் ஒரே தடுப்பில் இருந்தால் ஒன்றின் வாயில் போனது சாணம் வழியாக மற்றதன் வாய்க்கும் போகும், பிறகு வித்தியாசம் தெரியாததில் வியப்பில்லை. தடுப்பைப் பிரித்தால் தடுப்பின் ஈரமும் நெரிசலும் கணக்கில் புகுந்துவிடும். பத்திருபது குட்டியில் சிறு எடை வித்தியாசத்தை நம்பவே முடியாது. கழிச்சல் எத்தனை, சாவு எத்தனை என்பது பெரிதாக மாறினால் மட்டும் பேசலாம்.

பட்டிக்காரன்:
அப்படியானால் என் முடிவு இது. தாய்க் குட்டிகளுக்கு வாங்கவில்லை. பாட்டில் குட்டிகளுக்குப் பாலைப் புளிக்கவைத்து, வேளையையும் கூட்டிவிடுகிறேன். தீவனம் கடிக்கத் தொடங்கியதும் ஒரு தடுப்புக்கு மட்டும் ஈஸ்ட் சேர்த்துப் பார்க்கிறேன்.

தீவனக்கலவை:
இரண்டாவது நல்ல முடிவு. முதலாவதில் எனக்கு உடன்பாடில்லை, பால் மறக்கடிக்கும் வாரத்திலாவது தாய்க் குட்டிகளுக்கும் கொடுத்திருக்கலாம்.

மந்தைக்காரி:
ஈஸ்ட் போடுற அன்னிக்கே மக்காச்சோள அளவையும் மாத்திடாதீங்க தம்பி. ரெண்டு தடுப்புக்கும் ஒரே தீவனம், ஒரே அளவு, ஒரே நேரம். இல்லன்னா அடுத்த ஈற்றுக்கு இதே சண்டையை மறுபடியும் இங்க வந்து போடுவோம்.