ஹம்பி – பாதாமி ஐந்து நாள் பயணம்: குறைந்த கட்டணக் குழுச் சுற்றுலாவை நம்பிப் போகலாமா?

காவிரிக்கரை (மயிலாடுதுறை) எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியன், வயது 63. வரும் அரையாண்டு விடுமுறையில் மனைவி, மனைவியின் அக்கா, பன்னிரண்டு வயதுப் பேரன் ஆகியோரை அழைத்துக்கொண்டு ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், ஐஹொளெ ஆகிய நான்கு ஊர்களையும் பார்த்துவர எண்ணியிருக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் திருச்செங்காட்டங்குடிக் கணபதியை வாதாபியிலிருந்து பரஞ்சோதியார் கொண்டுவந்தார் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வாதாபிதான் இன்றைய பாதாமி; அது இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

தனியார் சுற்றுலா நிறுவனம் ஒன்று, பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் நான்கு இரவு, ஐந்து பகல் பயணத்துக்கு ஆளுக்கு 13,900 ரூபாய் கேட்கிறது. பேருந்து, மூவர் பகிரும் அறை, மூன்று வேளைச் சைவ உணவு, "அனுபவம் மிக்க வழிகாட்டி" ஆகிய அனைத்தும் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறார்கள். அதே அறிக்கையில் 22 இடங்களின் பெயர்களும் இருக்கின்றன. ஐந்து நாளில் 22 இடங்கள் என்பது எனக்கே சற்று மலைப்பாக இருக்கிறது. பார்த்ததைப் புரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம். படம் எடுத்துக்கொண்டு ஓடிவர விருப்பமில்லை. இத்தகைய குழுவில் சேர்ந்து போகலாமா, அல்லது நாமே ஏற்பாடு செய்துகொள்வது நல்லதா? போய்வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓசூர்_ஊர்சுற்றி எழுதியது:

ஐயா, சென்ற பிப்ரவரியில் ஏறத்தாழ இதே திட்டத்தில், இதை ஒட்டிய கட்டணத்தில் போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குறை அவர்கள் ஒருவருடையது மட்டுமன்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். துண்டறிக்கையில் "வழிகாட்டி" என்று போட்டிருப்பவர் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து உடன் வரும் டூர் மேனேஜர்தான். அறைச் சாவி கொடுப்பது, சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பது, தலை எண்ணிப் பேருந்தில் ஏற்றுவது ஆகியவையே அவர் வேலை. எங்களுடன் வந்த தம்பி அந்த வேலையை மிக நன்றாகவே செய்தார். ஆனால் பாதாமியில் மூன்றாம் குடைவரையின் முன்னால் நின்றுகொண்டு, "இது ரொம்பப் பழைய கோயில், எல்லாரும் நாற்பத்தைந்து நிமிடத்தில் கீழே வந்துவிடுங்கள்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல இயலவில்லை. நான்கு குடைவரைகளுக்கும் சேர்த்து அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான். முதல் குடைவரையில் பதினெட்டுக் கைகளுடன் ஆடும் சிவனைப் பார்த்துக்கொண்டு நின்றதிலேயே எனக்குப் பதினைந்து நிமிடம் போய்விட்டது. நான்காவதான சமணக் குடைவரையை வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

அதே நாளில் இல்கல் ஊரில் ஒரு சேலைக் கடையில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றோம். இல்கல் சேலை அழகானதுதான், நானும் ஒன்று வாங்கினேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறுத்தம் அறிக்கையில் எங்குமே இல்லை. கட்டணம் எப்படிக் குறைகிறது என்பதற்கு இத்தகைய நிறுத்தங்களும் ஒரு காரணம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பணம் கட்டும் முன், எத்தனை இடங்கள் என்று கேட்பதைவிட, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் என்றும், அங்கே விளக்கிச் சொல்லப்போகிறவர் யார் என்றும் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹம்பியில் கர்நாடகச் சுற்றுலாத் துறை அடையாள அட்டை பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அமர்த்தும் செலவு 13,900-க்குள் அடங்குகிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. நுழைவுச் சீட்டு, ஜிஎஸ்டி, ஓட்டுநருக்கு "விருப்பப்பட்டால்" கொடுக்கும் தொகை, விட்டல கோயிலுக்குப் போகும் பேட்டரி வண்டிக் கட்டணம் ஆகியவை உள்ளேயா வெளியேயா என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு எல்லாம் வெளியே.

கல்லும்_கதையும் எழுதியது:

மேலே நண்பர் சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து நாமே ஏற்பாடு செய்துகொண்டு போனோம். அதன் விவரத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு எது பொருந்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். திரும்பும்போது பாதாமி நிலையத்திலேயே கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ் ஏறி இரவுப் பயணமாகப் பெங்களூர் வந்துவிடலாம். நேரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் முன்பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுகள் ரயிலில் கழிவதால் இரண்டு இரவு அறை வாடகை மிச்சம். தமிழ்நாட்டிலிருந்தே வேன் பேசிக்கொண்டு போனால் மாநில எல்லை வரி, ஓட்டுநர் பேட்டா, ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டர் ஓடியதாகப் போடும் கணக்கு எல்லாம் சேர்ந்து செலவு ஏறிவிடும். ஹம்பிக்குள் ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் அவ்வளவு தூரம் ஓடாது. ஓடாத தூரத்துக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? நாங்கள் ஹம்பியில் இரண்டு நாளும் ஆட்டோவில் சுற்றினோம். மூன்றாம் நாள் மட்டும் ஹொசப்பேட்டையில் ஒரு டெம்போ டிராவலர் எடுத்துக்கொண்டு குஷ்டகி, இல்கல் வழியாக ஐஹொளெ, அங்கிருந்து பட்டடக்கல், மாலையில் பாதாமி என்று போய்ச் சேர்ந்தோம்.

மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை வழிகாட்டிக்குக் கொடுத்தோம். ஹம்பியில் எங்களுக்கு அமைந்தவர் ஐம்பது வயதுக்காரர். கன்னடமும் இந்தியும் தெலுங்கும் பேசினார், தமிழ் கேட்டால் புரியும் என்றார். விருபாட்சர் கோயிலில் கருவறைக்குப் பின்புறம் உள்ள இருண்ட அறைக்கு எங்களைக் கூட்டிப்போய், சுவரில் இருந்த சிறு துளைக்கு எதிரே தன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பிடித்தார். வெளியே ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ராஜகோபுரம், அந்தக் கைக்குட்டையில் ஒரு சாண் அளவுக்குத் தலைகீழாக விழுந்திருந்தது. அவர் கையை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த, கோபுரம் சிறுத்தும் பெருத்தும் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு பெரிய குழு அந்த அறையைக் கடந்து போனதே தவிர, உள்ளே நுழையவில்லை. உங்கள் பேரனுக்கு ஊசித்துளைக் கேமராப் பாடம் பள்ளியில் வந்திருக்கும். அவனை அங்கே கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் வாதாபியைக் குறிப்பிட்டதால் இன்னொன்று. 642-இல் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியதை நாம் அனைவரும் அறிவோம். பல்லவன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு பாதாமியிலேயே இருக்கிறது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். நகரைக் கொள்ளையிடாமல், கைலாசநாதர் கோயிலின் பொருளைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தக் கோயில் தூணிலேயே கன்னடத்தில் வெட்டிவைத்தான். அவன் காஞ்சியை வென்றதன் நினைவாக அரசி லோகமகாதேவி எழுப்பியதுதான் பட்டடக்கல் விருபாட்சர் கோயில். காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்த கண்ணோடு அங்கே போய் நின்றால், விமானத்தைப் பார்த்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டோமோ என்று தோன்றும். சில அடிகள் தள்ளி, வட இந்தியப் பாணியில் வளைந்து உயரும் சிகரத்தோடு காசி விசுவநாதர் கோயில். இரண்டு பாணிகளும் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்பதுதான் பட்டடக்கல்லின் சிறப்பு. 1987-இல் அது உலக மரபுச் சின்னமானது. குழுச் சுற்றுலாக்களில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிற இடமும் அதுதான். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஐஹொளெயில் நேரம் குறைவாக இருந்தால் துர்க்கைக் கோயில் வளாகத்தை மட்டும் பார்த்தாலும் போதும்; முடிந்தால் மேகுடிக் குன்றேறி, இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து 634-இல் ரவிகீர்த்தி வெட்டுவித்த கல்வெட்டையும் பார்த்துவிடுங்கள்.

கோவை_வாசகி எழுதியது:

இருவர் சொன்னதும் சரியே, ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். எட்டுப் பேர் சேர்ந்து போகும்போது ஆளுக்கு ஆகும் செலவு வேறு, நான்கு பேர் போகும்போது ஆகும் செலவு வேறு. வண்டி வாடகையும் வழிகாட்டிக்கான தொகையும் நான்காகப் பிரியும்போது மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. தவிர, விடியற்காலையில் ஹொசப்பேட்டை நிலையத்தில் பெட்டிகளோடு இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் வேலையை யார் செய்வது? என் மாமியாரை அழைத்துக்கொண்டு போனபோது குழுச் சுற்றுலாவில்தான் போனேன். நேரத்துக்குச் சாப்பாடு, சுத்தமான கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தம், அவருக்கு முடியாத இடங்களில் பேருந்திலேயே ஓய்வு என்று எல்லாம் நன்றாகவே நடந்தது. அவர் ஆங்கிலமோ இந்தியோ அறியாதவர். பக்கத்து இருக்கையில் இருந்த சேலத்து அம்மாவோடு பேசிக்கொண்டே ஐந்து நாளையும் ஓட்டிவிட்டார்.

கால்வலி உள்ளவர்களுக்குச் சில குறிப்புகள். பாதாமிக் குடைவரைகளுக்குப் படி ஏறித்தான் ஆக வேண்டும். குரங்குகள் கைப்பையைப் பிடித்து இழுக்கும், ஆகவே தின்பண்டம் எதையும் கையில் வைத்திருக்க வேண்டாம். ஹம்பியை அடுத்த ஆனைகுந்தி அருகில் உள்ள ஆஞ்சநாத்ரி மலைக்கு 575 படிகள். உங்கள் பேரன் வேண்டுமானால் ஏறட்டும், பெரியவர்கள் கீழேயே இருந்துவிடலாம். விட்டல கோயிலுக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பேட்டரி வண்டிக்கு வரிசை நீண்டுவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். அங்கே வாங்கும் 40 ரூபாய்ச் சீட்டு அதே நாளில் தாமரை மகால், யானைக் கொட்டில் உள்ள வளாகத்துக்கும் செல்லும். எனவே இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பேரனுக்குத் தொல்லியல் துறை இடங்களில் சீட்டே வேண்டாம். நிறுவனம் அவனுக்கும் நுழைவுக் கட்டணம் என்று வசூலித்தால் கேளுங்கள்.

இன்னொன்று, பாதாமியை அடுத்துள்ள பனசங்கரி கோயில் வாசலில், தலையில் கூடையோடு பெண்கள் வந்து சோள ரொட்டி விற்பார்கள். வாழையிலைத் துண்டில் ரொட்டி, அதன் மேல் கத்தரிக்காய்க் கறி, வேர்க்கடலைப் பொடி, சிவந்த பூண்டுச் சட்டினி, சிறு மண்கலயத்தில் உறைந்த தயிர். நிறுவனம் கொடுக்கும் சாம்பார் சாதத்தை ஒரு வேளை விட்டுவிட்டு இதைச் சாப்பிடுங்கள். பூண்டுச் சட்டினி காரம். தயிரைக் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். பாதாமிக்கு ஒன்றரை மணி நேரம், பட்டடக்கல்லுக்கு முக்கால் மணி நேரம் என்றார்கள். உள்ளூர் வழிகாட்டி ஹம்பியில் ஒரு நாள் மட்டும்தானாம். பேரனுக்குப் பேருந்து இருக்கை உள்ளதால் முழுக்கட்டணம். எழுத்தில் தரச் சொன்னதற்கு, "எல்லாம் அறிக்கையிலேயே இருக்கிறது சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நேற்று என் பழைய அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவரும் அவர் மனைவியும் உடன் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆக, ஆறு பேர். கோவை அம்மா சொன்ன கணக்கு இப்போது சற்று மாறுகிறது. ரயிலில் போய், ஹம்பியில் இரண்டு நாளும் ஒரே வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, பாதாமியில் இரண்டு இரவு தங்குவதாக உத்தேசம். ஆட்டோ பேரத்தை நண்பர் பார்த்துக்கொள்வார்; அதில் அவர் கெட்டிக்காரர். ஹம்பியில் இறங்கும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைகிறது; டிசம்பர் 26. இதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

கல்லும்_கதையும் எழுதியது:

இரண்டு சிக்கல்கள் உண்டு, ஐயா. ஹம்பியை ஒட்டிய கமலாபுரத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஹம்பி முழுவதையும் சிறிய வடிவில் அமைத்து வைத்திருக்கும் மாதிரி அங்கேதான் இருக்கிறது. முதலில் அதைச் சுற்றிவந்துவிட்டால் பேரனுக்கு மறுநாள் எந்த இடம் எங்கே என்று குழப்பம் இராது. மேலும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஹம்பியில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறிவிடும். உங்கள் பயணத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: முதலில் பாதாமி, பட்டடக்கல், ஐஹொளெ, பிறகு ஹம்பி. அப்படிச் செய்தால் சனிக்கிழமைக்குப் பிறகுதான் ஹம்பிக்கு வருவீர்கள். கமலாபுரத்திலும் பாதாமியிலும் மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் மயூரா விடுதிகள் இருக்கின்றன. அந்த வாரத்துக்கு இப்போதே பார்த்தால்தான் கிடைக்கும். பாதாமியில் முதல் நாள் மாலை வெயில் சாயும் நேரத்தில் அகத்தியர் குளத்தின் கிழக்குக் கரைக்குப் போய், பூதநாதர் கோயில் படியில் உட்காருங்கள். எதிரே செம்பாறை நிறம் மாறுவதைப் பார்க்க அதுவே சரியான இடம்.