அம்மாவின் கல்யாணச் சான்றிதழில் வயது தப்பு: கல்யாணம் செல்லாதா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த் மகள்:
அப்பா தவறி ரெண்டு மாசம் ஆகுது. உயில் இல்லை, வீடு அவர் பேர்ல. அம்மா 1986-ல வீட்டுக்குத் தெரியாம வந்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டுல அப்பாவைக் கட்டிக்கிட்டாங்க. சான்றிதழ்ல வயசு 21. ஆனா அம்மாவோட அடையாள எண் 68-ல ஆரம்பிக்குது, அதாவது பிறந்தது 1968. அப்போ அவங்களுக்கு 18 தான். நேத்து சித்தப்பா ரெண்டு காகிதத்தையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சு, "பொய் வயசு சொல்லிக் கட்டினது கல்யாணமே இல்லை, வீடு எங்களுக்கு"ன்னுட்டார். அதுல இருந்து அம்மா தாலியைப் பிடிச்சபடியே உட்கார்ந்திருக்காங்க. சாப்பிடல. யாராவது சொல்லுங்க.

பழைய வக்கீல் குமாஸ்தா:
முதல்ல அம்மாவைச் சாப்பிடச் சொல்லும்மா. கல்யாணம் செல்லும்.

அந்தக் காலத்துல 21 ஆகாதவங்களுக்குப் பெத்தவங்க சம்மதம் வேணும் (18-ன்னு ஆனது 2007-ல தான்). அதுக்குத்தான் பிள்ளைங்க வயசைக் கூட்டிச் சொன்னாங்க. நான் நிறையப் பார்த்திருக்கேன். சம்மதம் இல்லைன்னா கல்யாணம் தானா ரத்தாகாது. யாராவது கோர்ட்டுக்குப் போய் ரத்து கேட்கணும். பெத்தவங்கன்னா விஷயம் தெரிஞ்ச ஆறு வாரத்துக்குள்ள. அம்மாவே கேட்கிறதா இருந்தா 21 ஆன மூணு மாசத்துக்குள்ள. கொழுந்தனாருக்கு அந்த உரிமை எந்தக் காலத்துலயும் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னாடி சொத்து தனித்தனின்னு நோட்டரி ஒப்பந்தம் போட்டாங்களா? போடலைன்னா அது கூட்டுச் சொத்துக் கல்யாணம், பாதி வீடு ஏற்கெனவே அம்மாவோடது. மிச்சப் பாதிதான் அப்பாவோட சொத்து. அதுல அம்மாவுக்கு ஒரு பிள்ளைக்குச் சமமான பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது அதிகமோ அது. மீதி பிள்ளைங்களுக்கு. இன்னொண்ணு: பேச்சுக்குக் கல்யாணம் செல்லாதுன்னே வச்சாலும் அப்பா சொத்து பிள்ளைங்களுக்குத்தான் வரும். பிள்ளை இருக்கும்போது தம்பிக்குப் பங்கே இல்லை. உங்க சித்தப்பாகிட்ட இதைத்தான் முதல்ல சொல்லணும்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
கோயில்ல மட்டும் தாலி கட்டி, பதியாம விட்டவங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்காக எழுதறேன். அப்படிப்பட்ட இந்து மனைவிக்கும் வாரிசுரிமை உண்டுன்னு டர்பன் உயர் நீதிமன்றம் 2008-ல தீர்ப்பு சொல்லியிருக்கு. 1913-ல கிறிஸ்தவ முறையில நடக்காத கல்யாணம் செல்லாதுன்னு நீதிபதி சியர்ல் தீர்ப்பு சொன்னப்போ நம்ம பொம்பளைங்க எதிர்த்துப் போராடி ஜெயிலுக்கே போனாங்க. தில்லையாடி வள்ளியம்மை எங்க ஊர் ஜெயில்ல நோய்வாய்ப்பட்டு, வெளியே வந்ததும் 16 வயசுல செத்தா. அந்த மண்ணுல இன்னிக்கும் ஒரு அம்மாவை "நீ மனைவி இல்லை"ங்கிறது எனக்குப் பொறுக்கல.

சாட்ஸ்வொர்த் மகள்:
ஒப்பந்தம் எதுவும் இல்லை அண்ணா. பொய் சொன்னதுக்கு அம்மா மேல கேஸ் வருமா? வயசைத் திருத்தணுமா?

பழைய வக்கீல் குமாஸ்தா:
வராது. இந்த மாதிரிக் குற்றத்துக்கு 20 வருஷம் தாண்டினா கேஸ் போட முடியாது. ஆனா வயசு ஏன் மாறுச்சுன்னு அம்மா ஒரு பிரமாணப் பத்திரத்துல உள்ளதை உள்ளபடி எழுதட்டும். மறைச்சா மறுபடி சிக்கல். இறந்தவங்க சொத்தைக் கவனிக்கிற உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துல மரணத்தைத் தெரிவிச்சாச்சா? 14 நாளுக்குள்ள செஞ்சிருக்கணும். தாமதமானாலும் உடனே போங்க. சொத்துக்கு நிர்வாகி நியமனம் ஆகுறவரைக்கும் வீட்டு விஷயமா யார் நீட்டினாலும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

சாட்ஸ்வொர்த் மகள்:
திங்கக்கிழமை போறோம். அம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். எழுந்து போய் சான்றிதழை எடுத்துட்டு வந்து, "மடிக்காம கொண்டு போ, மடிப்புல கிழியுது"ன்னாங்க.