விளம்பரப் புரளி என்றே வைத்துவிடலாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

விளம்பரம் தேடி ஒருவர் தெரிந்தே கிளப்பிவிடும் பொய்ச் சேதியை ஆங்கிலத்தில் 'பப்ளிசிட்டி ஹோக்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன என்று நம் சொல் குழுவில் மூன்று நாளாகப் பேசுகிறோம். விளம்பர மோசடி, விளம்பர உத்தி, விளம்பர நாடகம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. போன மாதம் காரைக்குடியில் பார்த்த ஒன்றைச் சொல்லிவிட்டு என் சொல்லுக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றியது. நாற்பது வருடமாகப் பூட்டிக்கிடந்த செட்டிநாட்டு வீடு ஒன்றில் சுவரை இடித்தபோது பர்மாக் காலத்து இரும்புப் பெட்டி கிடைத்ததாம், உள்ளே நகை இருந்ததாம். ஊர்ப் பெயர் இல்லை, வீட்டுக்காரர் முகமும் இல்லை. டீக்கடையில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிற அண்ணன் ஒருவர் என் போனை வாங்கி, படத்தை நிறுத்தி, பெட்டியை விட்டுவிட்டுத் தரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, இந்தக் கல்லு மிதிக்க மிதிக்கத்தான் மினுமினுப்பு ஏறும். நாப்பது வருசம் ஆள் நடமாடாத தரையில சன்னல் கம்பி இப்படிக் கண்ணாடி மாதிரித் தெரியுமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் உடனே, "எல்லாம் வெளம்பரம்ப்பா, பழைய வீட்டை யாரோ விடுதியாக்கித் தொறக்கப் போறாக" என்று முடித்துவிட்டார். இன்றுவரை எந்த விடுதியும் திறக்கவில்லை, பெட்டி யாருடையது என்றும் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்தவர் பொய் என்றோ வதந்தி என்றோ சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'வெளம்பரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே பொய்யையும் அதைச் செய்தவரையும் அவருக்கு வரும் ஆதாயத்தையும் வைத்துவிட்டார். பேச்சுக்கு அது போதும். எழுத்தில் போதாது, துணிக்கடை நோட்டீசும் விளம்பரம்தானே.

மோசடி என்ற சொல்லை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், அதைக் கேட்டதும் நமக்குச் சீட்டுப் பணமும் போலீஸ் புகாரும்தான் நினைவுக்கு வரும். 2024 பிப்ரவரி 2 அன்று நடிகை பூனம் பாண்டே கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே செய்தி வந்தது. அன்றைக்கே பலர் நம்பவில்லை. மறுநாள் அவரே தோன்றி, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். யாருடைய பணமும் போகவில்லை. ஆனால் அந்த நோயோடு போராடுகிற குடும்பங்கள் அந்த ஒரு நாளில் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அதைப் போய் 'உத்தி' என்று எழுதினால் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுகிற மாதிரி ஆகிவிடும். நாடகம் ஓரளவு பொருந்தும், 'நாடகம் ஆடுறான்' என்போம், ஆனால் அது ஆளின் நடிப்பைச் சொல்கிறதே தவிர ஊரெல்லாம் பரவிய சேதியைச் சொல்லவில்லை.

என் சொல் விளம்பரப் புரளி. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் எங்கள் அப்பத்தா, "புரளி பண்ணாதடா, எந்திரி" என்று போர்வையை உருவுவார். தெரிந்தே செய்வது, ஒரு காரியத்துக்காகச் செய்வது இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. வினையையும் பாருங்கள்: வதந்தி தானாகவும் பரவும், புரளியை ஒருவர் கிளப்ப வேண்டும். வெடிகுண்டுப் புரளி என்று செய்தித்தாள்களும் வெகுகாலமாக எழுதி வருவதால் யாருக்கும் விளக்கவும் வேண்டியதில்லை.

அப்புறம், புரளிதான் என்று நிரூபணம் ஆகாத நிலைக்கு என்ன சொல்வது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார், எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 2009 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் ஊரில், வீட்டில் செய்த ஹீலியம் பலூனில் ஆறு வயதுப் பையன் பறந்துபோய்விட்டான் என்று நாடே தொலைக்காட்சி முன் பதறியது. பையன் வீட்டு கராஜின் பரணில் இருந்தான். அன்றிரவு பேட்டியில் பெற்றோரைப் பார்த்து, நிகழ்ச்சிக்காகச் செய்தோம் என்று நீங்கள் சொன்னீர்களே என்ற பொருள்பட அவன் சொன்னதும் ஊர் முழுக்கச் சந்தேகம் கிளம்பியது. பிற்பாடு தகப்பனார் குற்றத்தை ஒப்புக்கொண்டு 90 நாள் தண்டனை பெற்றார், 2020-ல் மாநில ஆளுநர் மன்னிப்பும் கொடுத்தார். அந்தப் பேட்டிக்கும் ஒப்புதலுக்கும் நடுவில் இருந்த நாட்களில் அதைப் புரளி என்று அச்சடிப்பது நியாயமில்லை. அந்த இடைவெளிக்கு 'புரளி ஐயம்' என்று வைக்கலாம். அவநம்பிக்கை வேண்டாம், அது முடிவெடுத்துவிட்ட மனம், ஐயம் என்றால் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். டீக்கடையில் கல் போடுகிற அண்ணன் செய்தது ஐயம், பக்கத்தில் இருந்தவர் செய்தது அவநம்பிக்கை.

நம் சொற்பட்டியலில் 'விளம்பரப் புரளி', 'புரளி ஐயம்' இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். 'விளம்பரப் புரளி' என்பதில் ப் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் தேதி விளையாட்டுக்குச் சொல்வதை இதில் சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம், அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.