புதுப்பிப்பு: கேம்பர் வண்டியின் தண்ணீர்ப் பம்பு தானாக இயங்கியதன் காரணம்
கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்த எங்கள் கேம்பர் வண்டியில் (பயணத்தில் தங்கும் வசதி கொண்ட வண்டி), எல்லாக் குழாய்களையும் அடைத்த பிறகும் தண்ணீர்ப் பம்பு அவ்வப்போது தானாக இயங்குகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். பம்பையே மாற்றச் சிலர் சொன்னீர்கள். கோளாறு அங்கே இல்லை. வெளிப்புற ஷவரின் பிளாஸ்டிக் வால்வில் தங்கிய நீர் உறைந்து விரிந்ததால் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்து, அழுத்தம் ஏறும்போது மட்டும் துளித்துளியாகக் கசிந்திருக்கிறது. அதனால் குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டவே பம்பு இயங்கியிருக்கிறது. வால்வை மாற்றியதும் பம்பு அடங்கிவிட்டது. பிறகு, குளிர்காலத்துக்காகக் குழாய்களில் விட்டிருந்த இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் முற்றிலும் வெளியேறும்வரை அலசி, கிருமி நீங்க 60 லிட்டருக்குக் கால் கப் வீதம் மணமற்ற பிளீச் கலந்த நீரை, பைபாஸ் வால்வை (வெந்நீர்க் கலனுக்குள் நீர் போகாமல் திருப்பிவிடும் வால்வு) வழக்கமான நிலைக்குத் திருப்பி, வெந்நீர்க் கலனிலும் நிரப்பி, இரவு முழுவதும் விட்டு, வாடை போகும்வரை மீண்டும் அலசினேன். வெந்நீர்க் குழாயில் காற்றுச் சீறல் நின்ற பின்பே ஹீட்டரைப் போடுங்கள். வெறும் கலனில் போட்டால் மின்சூடேற்றி விரைவில் கருகிவிடும்.