மரபணுத் தொகுதியில் பழைய வைரஸ்களைத் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், எம்.எஸ்சி. உயிர்தகவலியல் படிக்கிறேன். நம் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்கள் (தம் மரபணுவை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும் வைரஸ்கள்) விட்டுச்சென்றவை. அதில் ஹெச்.இ.ஆர்.வி-கே என்ற வைரஸ் குடும்பம் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் என் ப்ராஜெக்ட்.

என்னிடம் இருப்பது 150 எழுத்து நீள டி.என்.ஏ. வரிசைத் துண்டுகள். ஒரே துண்டு பல இடங்களில் பொருந்துகிறது. மேப்பிங் குவாலிட்டி (துண்டு அந்த இடத்துக்குத்தான் உரியதா என்பதன் நம்பக மதிப்பு) 0, 0 என்று வரிவரியாக வருகிறது. வைரஸின் இரு முனையிலும் உள்ள எல்.டி.ஆர். என்ற நீண்ட இரட்டை வரிசைகள் உள்ளே நுழைந்த காலத்தில் ஒரே மாதிரி இருந்தவை. பிறகு சேர்ந்த மாற்றங்கள் கொஞ்சம்தான். 0 வந்ததையெல்லாம் கழித்தால் நான் தேடுவதே போய்விடும். நீங்கள் இவற்றை எப்படிக் கணக்கில் எடுக்கிறீர்கள்? 2022-ல் வந்த, மனித மரபணுத் தொகுதியின் டி2டி முழு வரிசைக்கு மாறினால் தெளிவாகுமா? லேப்டாப் 8 ஜிபிதான். பெரிய கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டித் தர யாராவது இருக்கிறீர்களா?

நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிட்டின் புரதம் ஒரு பழைய வைரஸிடமிருந்து வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீ பொறந்ததுல அதுக்கும் பங்கு இருக்கா?" என்று கேட்டார். அதன்பின் அரைகுறையாக விட மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.