வாவல் மேல் இருந்த ஈ: வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

குலசேகரத்துக்காரன்:
மழையில் அயினி மரக்கொம்பு ஒடிந்து விழுந்ததில் ஒரு பெரிய பழந்தின்னி வாவலும் செத்துக் கிடந்தது. குச்சியால் புரட்டினேன். கழுத்து ரோமத்துக்குள் ஏதோ ஓடியது. சிலந்தி என்றார் சித்தப்பா. ஆனால் ஆறு கால்தான், இறக்கையும் கிடையாது. லென்ஸில் பார்த்தால் தலையைக் காணோம். அப்புறம்தான் தெரிந்தது, தலை மல்லாக்க மடிந்து முதுகுக் குழிக்குள் கிடக்கிறது! வாவல் உடம்பு ஆறியதும் ரோமத்தை விட்டு வெளியே வந்து, குச்சி வழியே என் கையைப் பார்த்து ஓடி வந்ததே, அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன். இறக்கையில்லாத வாவல் ஈக்களின் நிக்டெரிபியிடே குடும்பம், சரி. அதில் சைக்ளோபோடியா சைக்சி என்ற இனம்தானா, வேறு இனமா?

கோட்டாறு புறாக்கூடு:
இதில் அபூர்வம் எங்கே இருக்கிறது? என் புறாக்களில் இதன் உறவுக்கார ஈ ஒருவன் தினமும் ஓடுகிறான். தட்டையாக இருப்பான், நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓட்டம். ஒருமுறை சட்டைக்குள் புகுந்துவிட்டான். விரலால் நசுக்கினால் சாகவில்லை, நகத்தில் வைத்துக் குத்த வேண்டியிருந்தது. போட்டோ போடுங்கள், பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

எருக்கஞ்செடி:
போட்டோவில் நடக்காது அண்ணே. மகளுக்குக் காட்ட எருக்கிலிருந்து வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு எடுத்து வளர்த்தேன். கூட்டுப்புழுவானது. ஒருநாள் காலையில் அதிலிருந்து வெள்ளை நூல் ஒன்று தொங்குகிறது, நுனியில் ஒரு புழு நெளிகிறது. “பட்டாம்பூச்சி எங்கேப்பா?” என்றாள். கடைசியில் வந்தது உடம்பெல்லாம் முள்மயிர் உள்ள டாக்கினிட் ஈ, மற்ற பூச்சிகளுக்குள் வளரும் ஒட்டுண்ணி. படம் பார்த்தவர் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். பல இனங்களில் ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியுமாம். எனக்குக் கிடைத்தது பெண். இன்றுவரை பெயர் இல்லை.

பழைய விலங்கியல் வாத்தியார்:
நான் பார்த்தது வெறும் மாட்டு உண்ணி ஈ, அதை விடுங்கள். குலசேகரத்துத் தம்பி, செத்த வாவலை வெறுங்கையால் தொடாதே. 2018இல் கோழிக்கோட்டில், வாவலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கட்டும். அடுத்தது லேபிள். இடம், தேதி, எந்த வாவல் என்று பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடு; பால்பாயிண்ட் மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எந்த வாவல் என்பதுதான் பாதி விடை. குகையில் தங்கும் பழந்தின்னியில் இருப்பது யூகாம்ப்சிபோடா, வேறு பேரினம். இரண்டு வாவலின் ஈக்களை ஒரே குப்பியில் போட்டால் அந்தத் தகவல் போச்சு. டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் 70 சதவீத ஆல்கஹால் போதாது, 95 வேண்டும். முட்டை தேடி நேரத்தை வீணாக்காதே. இந்த ஈ முட்டையிடாது, புழு தாய் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து வெளியே வந்ததும் கூட்டுப்புழுவாகிவிடும். புறாக்காரருக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஈ புறாவுக்கு மலேரியா போன்ற நோயைப் பரப்பும், சிரிக்கிற விஷயம் இல்லை.

கோட்டாறு புறாக்கூடு:
நான் எங்கே சார் சிரித்தேன்?

குலசேகரத்துக்காரன்:
குச்சி என்றுதானே எழுதியிருக்கிறேன் சார், கையால் தொடவே இல்லை. லேபிள் இன்றைக்கே மாற்றுகிறேன். வயிற்று நுனியில் உள்பக்கமாக வளைந்த கொக்கி ரெண்டு தெரிகிறது, ஆண்தான் என்று நினைக்கிறேன். நாகர்கோவில் பக்கம் நல்ல மைக்ராஸ்கோப் யாரிடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.